உயிரோடு உட்கார ஓர் ஆள்

எங்கள் ஆட்களின் தாராளம் ஒருவர் செத்த பிறகுதான் தொடங்கும். தாராவித் தோல் கிடங்கில் முப்பது வருடம் வெற்றுடம்போடு உப்புத் தேய்த்த மனுஷனுக்கு, போய்ச் சேர்ந்த பதினாறாம் நாள் கோட்டும் டையும் மாட்டிவிடுவார்கள். படத்தில்தான். கறுப்பாக இருந்த குற்றத்துக்காக ஆயுள் முழுக்கப் பேச்சு வாங்கிய மருமகளைப் படத்தில் கோதுமை மாவு நிறத்தில் பார்க்க ஆசைப்படுவார்கள். இருந்தவரை பெண்டாட்டிக்குக் கண்ணாடி வளையல்கூட வாங்கித் தராதவன், "கழுத்துல ரெட்டவடம் போட்டிருங்க" என்பான். இந்த ஆசைகளையெல்லாம் கேட்டு, பாதியை நிறைவேற்றி, மீதியை முகத்துக்கு நேராக மறுத்து, மாட்டுங்காவில் ஒரு பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் பெயர் ஆறுமுகத்தாய்.

களக்காட்டுப் பக்கத்துக்காரி. பத்தொன்பது வயதில் ஒரு தோல் தொழிலாளிக்குக் கழுத்தை நீட்டி, 1951-ல் தாராவிக்கு வந்தாள். மூன்றாம் வருடம் அந்த உத்தமன் குர்லாவில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். தாராவிப் பெண்கள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவள் இனிமேல் பொட்டு வைக்கலாமா கூடாதா என்று மட்டும் குழாயடியில் இரண்டு வருடம் விவாதித்தார்கள். இவள் தினமும் பெரிதாகவே வைத்துக்கொண்டு வேலை தேடினாள்.

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் கரீம் பாட்சா என்பவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே கூட்டிப் பெருக்கப் போனவள் இவள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூசுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டான். கல்யாணப் படங்கள் பன்னிரண்டு தேங்கிக் கிடந்தன. கரீம் பாட்சா தொழுகைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு படம் முடிந்திருந்தது. அவர் பார்த்தார், பெருக்குவதற்கு வேறு ஆளை வைத்தார். அவ்வளவுதான் அவளுடைய கலைக் கல்வி. நான்கு வருடத்தில் போட்டோவின் மேல் பூசுவதை விட்டு, பலகையில் துணி ஒட்டி, எண்ணெய் வர்ணத்தில் தானே முகம் எழுதத் தொடங்கிவிட்டாள்.

அவள் கையை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். பின்னணி எப்போதும் ஒரே பச்சை, மழைக்காலத்துக் கடல் மாதிரி அழுக்குப் பச்சை. கறுப்பு வர்ணத்தைத் தொடவே மாட்டாள். பழுப்பும் நீலமும் கலந்து கலந்து எங்கள் நிறத்தைக் கொண்டுவருவாள். யாரையும் சிரிக்க வைக்க மாட்டாள். கோட்டு கேட்டால் போட்டுவிடுவாள். ஆனால் படத்தில் இருப்பவர் அந்தக் கோட்டுக்குள் மூச்சு முட்டுகிறவர் போலவே இருப்பார். பிள்ளைகள் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு வாங்கிப் போவார்கள். வெளுக்கச் சொன்னால் மட்டும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவாள். "சுண்ணாம்பு அடிக்கதுக்கு வேற ஆளு இருக்கு, அங்க போங்க" என்பாள்.

நான் மாட்டுங்காவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெயர் பார்வதி. என் மாமியார் இறந்தபோது அவருக்கென்று தனிப்படம் கிடையாது. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் அரிசி அளவு முகம். அதைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஆறுமுகத்தாய் பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒங்க மாமியாரு யாரயோ மொறச்சிக்கிட்டு நிக்காவ டீச்சரம்மா. அப்படியே எழுதட்டா? இல்ல, சாந்தமாக்கணுமா?"

"முறைக்கிறது என்னைத்தான். அப்படியே எழுது" என்றேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனால் ஸ்டூடியோவில் ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து ஊரைத் திட்டிவிட்டு வருவேன். அவளும் சளைக்காமல் திட்டுவாள். எனக்கு அது ஒரு நிம்மதி.

இனி ஓர் அறுபதாம் கல்யாணத்துக் கதை. 1962-ல் ஓட்டல்காரர் ஒருவர் தன் சஷ்டியப்தபூர்த்திக்கு ஹாலில் மாட்ட வேண்டும் என்று போட்டோ கொடுத்துத் தன்னையே வரையச் சொன்னார். வரைந்தாள். மாட்டினார்கள். விசேஷம் முடிந்த ஒன்பதாம் நாள் ஆள் போய்விட்டார். இருபது வருடச் சர்க்கரை வியாதி. பந்தியில் பதினொரு ஜாங்கிரி தின்றதை எதிரில் உட்கார்ந்து நானே பார்த்தேன். ஜாங்கிரியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழி முழுக்கப் பிரஷ்ஷின் மேல் விழுந்தது. செத்தவர்களை வரைகிற கை, உயிரோடு இருப்பவரை வரைந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று ஒரே வாரத்தில் தாராவியிலிருந்து செம்பூர் வரை பேசிக்கொண்டார்கள். பி.ஏ. படித்தவர்கள், ஆபீசில் ஐம்பது பேரை மேய்க்கிறவர்கள், எல்லாரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கும் ஒருவர் முகம்கூட அவளிடம் வரவில்லை. தெருவில் அவள் ஒரு குழந்தையை உற்றுப் பார்த்தால், தாய்க்காரி முந்தானையால் குழந்தையை மூடினாள்.

வேலைக்குக் குறைவில்லை. எங்கள் ஆட்கள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. ஒருநாள் என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"போட்டோல இருக்குற கண்ணு போட்டோக்காரன பாத்துக்கிட்டு இருக்கும் டீச்சரம்மா. எம்புட்டு மொகம் எழுதிட்டேன். ஒண்ணுகூட என்னயப் பாத்ததில்ல. உயிரோட ஒரு ஆளு எனக்கு முன்னால உக்காந்து, என் மொகத்தப் பாக்கணும். நான் அவுகளப் பாத்து எழுதணும். ஒரே ஒரு ஆளு போதும்."

1965-ல் அதற்கு ஒரு வழி வந்தது போலத் தெரிந்தது. கோட்டைப் பகுதியில் ஓர் ஓவியச் சங்கம் வருடாந்திரக் கண்காட்சிக்குப் படங்கள் கேட்டிருந்தது. கரீம் பாட்சா எங்கிருந்தோ விண்ணப்பத்தாள் வாங்கி வந்தார். இங்கிலீஷில் பூர்த்தி செய்தது நான். முகச்சித்திரம் என்றால் ஆளை எதிரில் உட்கார வைத்து வரைந்ததாக இருக்க வேண்டும், போட்டோ பார்த்து வரைந்தது செல்லாது என்று அதில் ஒரு விதி. வாசித்துச் சொன்னதும், "நல்லதாப் போச்சி. யாராச்சும் உக்காந்துதான ஆகணும்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

யார் உட்காருவார்? எங்கள் தமிழர் நலச் சங்கத்துக்குத் திருவேங்கடம் என்று ஒரு தலைவர். மொத்த வியாபாரம், தங்கக் கைக்கடிகாரம், மேடை ஏறினால் மூடநம்பிக்கை ஒழிப்பு. சகுனம் பார்ப்பவனைப் புழுவைவிடக் கேவலமாகப் பேசுவார். சங்கத்துச் செயலாளர் நயினார் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார். நான்தான் நேரே போய்க் கேட்டேன். பத்துப் பேர் நடுவில் வைத்துக் கேட்டேன், அவர் மறுக்க முடியாதபடி.

"இதென்ன பெரிய விஷயம் டீச்சர்! நாளைக்கே உக்காருதேன். இந்தக் காட்டுமிராண்டிகளுக்கு ஒரு பாடமா இருக்கட்டும்" என்றார்.

முதல் ஞாயிறு பட்டுச் சட்டையில் வந்து, மார்பை நிமிர்த்தி ஒரு மணி நேரம் இருந்தார். ஒரு தடவைகூட ஆறுமுகத்தாயை நேராகப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். இரண்டாம் ஞாயிறு பாதியில் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தார், நிற்கவில்லை. முகம் வெளிறிப் போய், டாக்ஸி பிடித்து, பத்து நிமிட நடையில் இருக்கும் வீட்டுக்குப் போனார். மூன்றாம் ஞாயிறு ஆள் வரவில்லை. ஒரு போட்டோவும் துண்டுச்சீட்டும் வந்தன. வேலை அதிகமாம். இதைப் பார்த்து மீதியை முடித்துக்கொள்ள வேண்டுமாம். அதே நாள் சாயங்காலம் செம்பூரில் ஒரு கோயிலில் அவரைப் பார்த்தேன். மூடநம்பிக்கை ஒழிப்பு வீரர் குடும்பத்தோடு நின்று, தன் நட்சத்திரம் சொல்லி ஆயுள் விருத்திக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபுரத்தின் சிற்பங்களை ஆராயத் தொடங்கினார்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போய் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. கையில் பிரஷ் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க உக்காருவியளா?"

வீட்டில் இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு மூன்று வயது. அந்த ஜாங்கிரி பதினொன்றும் எனக்கு அப்போது மறந்துபோனது.

"எனக்கு ஒன்றும் இல்லை. எங்க வீட்டுக்காரர்தான் சம்மதிக்க மாட்டார்" என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த அப்பிராணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போயேன்" என்றிருப்பார். இப்படி ஒரு சம்மதத்தைத் தான் மறுத்ததாகவே தெரியாமல் அவர் போய்ச் சேர்ந்தார். ஆறுமுகத்தாய், "சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அப்புறம் ஐந்தாறு ஞாயிறு நான் மார்க்கெட்டுக்கு வேறு வழியாகப் போனேன்.

அவள் தன்னையே வரைந்து அனுப்பினாள். ஓடிப்போன புருஷன் விட்டுப்போன சவரக் கண்ணாடி ஒன்றுதான் வீட்டில் இருந்தது. உள்ளங்கை அகலம். முகம் முழுசாக அதில் தெரியாது. கண்ணைப் பார்த்துக் கண், மூக்கைப் பார்த்து மூக்கு என்று துண்டு துண்டாக எழுதிச் சேர்த்திருந்தாள். எடுத்துக்கொண்டார்கள், மாட்டினார்கள். ஓர் இங்கிலீஷ் பேப்பர் அந்தப் படத்தைக் கண்காட்சிச் செய்தியோடு அச்சடித்தது. கரீம் பாட்சா பெருமையில் எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை.

பேப்பரைச் செயலாளர் நயினாரும் பார்த்தார். இங்கிலீஷ் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வதற்காகவே வாங்குகிற மனுஷன் அவர். எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, பேப்பரில் ஒரு பெண்பிள்ளை படம் பொட்டோடு தனியாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தாராவிக்கு ஆள் அனுப்பினார்; அவள் ரூம் பூட்டிக் கிடந்தது. டோம்பிவிலியில் தங்கச்சி பிரசவத்துக்கு அவள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. கரீம் பாட்சாவும் அந்த வாரம் பார்த்து ஊருக்குக் கிளம்பியிருந்தார். பூட்டிய கதவு இரண்டு கிடைத்துவிட்டால் எங்கள் சங்கத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

கண்காட்சியில் படம் வந்த விஷயம் எனக்குத் தெரியும். பேப்பரைக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பேப்பரில் கண்காட்சிச் செய்தியும் வந்திருக்கும், பிறகு சாவுச் செய்தியும் வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். மறுபடி அவள் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரையெல்லாம் கிழிக்கிறவளுக்கு இது மட்டும் எதற்கு மறைவு?

கூட்டத்துக்கு எண்பது பேர். அவள் உயிரோடு இருந்து டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தால் எட்டுப் பேர் போயிருக்க மாட்டார்கள். மேஜை மேல் பேப்பரிலிருந்து வெட்டிய படத்துக்குச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அடியில் இருந்த எழுத்துகளைக் கத்தரித்துவிட்டார்கள். எழுத்து இருந்தால் படத்துக்கு அழகில்லையாம்.

திருவேங்கடம் பேசினார். "அந்த மாபெரும் கலைஞி முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை அமர்ந்த பாக்கியம் பெற்றவன் நான்" என்றார். இரண்டு ஞாயிறு மூன்றாகிவிட்டது. இன்னும் இரண்டு இரங்கல் கூட்டம் நடந்திருந்தால் அது முப்பதாகியிருக்கும். "எல்லாரும் அஞ்சினார்கள். நான் அஞ்சவில்லை" என்றபோது நயினார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம்.

எல்லாரும் தலையைக் குனிந்திருந்த அந்த நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். ஆறுமுகத்தாய் துணிப்பையோடு நேராக ரயிலிலிருந்து வந்திருந்தாள். சங்கத்து ஹாலில் விளக்கும் கூட்டமும் பார்த்து, என்னவென்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"யாரு தவறிட்டா?" என்று கடைசி வரிசையில் நின்றவரிடம் கேட்டாள்.

அவர் மௌனம் கலையக்கூடாது என்று மேஜையைக் கை காட்டினார். காட்டிவிட்டு யாருக்குக் காட்டினோம் என்று திரும்பிப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் நாற்காலிகள் சரிந்தன. நயினார் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவள் நடுவில் நடந்து மேஜைக்கு வந்தாள். மாலையைப் பார்த்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஒங்க எல்லார் வீட்டுச் செவுத்துலயும் நான் எழுதுன படம் தொங்குது. நான் தொட்டா செத்துருவோம்னிய. இப்ப நீங்களாத்தான் என்னயச் சாகடிச்சிருக்கிய. செத்து எந்திரிச்சி வந்தும் நிக்கேன். இனிமே என்ன பயம்? யாராச்சும் ஒரு ஆளு உக்காருங்க. ஒரே ஒரு ஆளு."

திருவேங்கடம் கடிகாரத்தைப் பார்த்து, "ரயிலுக்கு நேரமாச்சி" என்றார். மாட்டுங்காவில் சொந்த வீடு உள்ளவருக்கு எந்த ரயிலோ! அவர் நகர்ந்ததும் மொத்தக் கூட்டமும் நகர்ந்தது. எண்பது பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வாசலில் செருப்புத் தேடினார்கள். நானும்தான் எழுந்தேன். என் செருப்பில் ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. தேடி முடித்து நிமிர்ந்தபோது ஹாலில் அவளும் நானும்தான். ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றேன்.

போனேன். நான்கு ஞாயிறு போனேன். "என்னயப் பாருங்க டீச்சரம்மா" என்பாள். பார்த்தேன். அவளும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதற்கு மேல் பேச மாட்டாள். நான் மட்டும் ஓடிப்போன அந்த எண்பது பேரையும் ஒவ்வொருவராகக் கிழித்துக்கொண்டிருந்தேன். கோழைகள் என்றேன். எழுத்தறிந்த மாடுகள் என்றேன்.

நான்காம் ஞாயிறு பலகையைத் திருப்பிக் காட்டினாள். அச்சு அசல் நான். உதட்டில் ஓர் ஏளனம், யாரையோ மட்டம் தட்டிக்கொண்டிருக்கும் வாய். நிறமும் என் நிறம். எல்லாம் எனக்குப் பிடித்தது. ஆனால் படம் இடுப்புவரை இருந்தது. வலது கை மார்பில் இருந்தது. விரல் கணுக்கள் வெளுத்துப்போகும் அளவுக்குத் தாலியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நான் எங்கே இப்படிப் பிடித்தேன்?"

"நாலு வாரமும் அப்படித்தான் இருந்திய."

பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன்: "அந்தக் கையை மட்டும் எடுத்துவிடேன், ஆறுமுகத்தாய். முந்தானையை இழுத்துவிட்டால் தெரியாது."

அவள் துணியில் பிரஷ்ஷைத் துடைத்தாள். கோட்டுக் கேட்டு வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எடுத்திருதேன்" என்றாள்.

எடுத்தும் கொடுத்தாள். ஊர் ஒரு வருடம் காத்திருந்தது, நான் சாகிறேனா என்று. மார்க்கெட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஒடம்பு எப்படி இருக்கு டீச்சர்?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். நான் ஒரு ஜலதோஷம்கூடப் பிடிக்காமல் பெருத்துக்கொண்டே போனதைப் பார்த்த பிறகு, ஸ்டூடியோவில் உயிரோடு இருப்பவர்கள் வரிசை கட்டினார்கள். முதல் ஆள் திருவேங்கடம். அவள் எல்லாரையும் வரைந்தாள், சாகும்வரை வரைந்தாள்.

அடுத்த வருடக் கண்காட்சிக்குக் கரீம் பாட்சா என்னை அழைத்துப் போனார். அங்கே நான் தொங்கிக்கொண்டிருந்தேன். இன்னொரு பலகையில், அதே முகம், அதே ஏளனம், அந்தக் கையோடு. நினைவிலிருந்து மறுபடி எழுதியிருக்கிறாள். அதை யாரோ ஒரு பார்சிக்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த வீட்டில் இருக்கிறதோ, அங்கே யார் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்களோ, எனக்குத் தெரியாது. என் வீட்டு ஹாலில் இருக்கும் படத்தைப் பார்க்கிறவர்கள், "எவ்வளவு தைரியமான முகம்!" என்கிறார்கள். ஆமாம் என்று நானும் தலையை ஆட்டுகிறேன்.